கரி பிடித்த காற்றுப்பாதை

சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டி, ஒரு முனையில் ஒற்றைக் குழாயாகவும் மறுமுனையில் மூன்று நான்கு கிளைகளாகவும் பிரிந்து நிற்கும் வார்ப்புக்குப் பெயர் இன்டேக் மேனிஃபோல்டு. ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த காற்றைப் பங்கு போட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொடுப்பது அதன் வேலை. புகை வெளியேறும் பக்கத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூட்டில் வெந்து, விரிசல் விட்டு, சத்தம் போட்டுத் தன்னைக் கவனிக்க வைத்துவிடும். காற்று நுழையும் பக்கத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அடைப்பு முற்றி வண்டியின் இழுவை குறையும்வரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்தப் பாதை வழியே போகும் காற்றின் அளவு சாதாரணமானதன்று. பழைய இன்னோவாவின் டீசல் எஞ்சின் 2,494 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அந்தக் கொள்ளளவு முழுவதும் நிரம்பிக் காலியாகும். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஏறத்தாழ 2,500 லிட்டர் காற்று. திருச்சியில் கிளம்பி கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை வந்துசேர ஒரு மணி நேரம் என்று வைத்தால், வழியில் அந்த எஞ்சின் விழுங்கியது 150 கன மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், பத்தடி உயரத்தில் கட்டிய அறை நாலரையைக் காலி செய்த கணக்கு இது. டர்போ அழுத்தித் தள்ளும் கூடுதல் காற்று இதில் சேரவில்லை.

பங்கு போடுவது கேட்க எளிது. ஆனால் சிலிண்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சிழுப்பதில்லை. ஒரு வால்வு திறந்து காற்று ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் அந்த வால்வு மூடிக்கொள்ளும்; ஓடி வந்த காற்று மூடிய கதவில் மோதி, அழுத்த அலையாகத் திரும்பும். 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒலி நொடிக்கு 355 மீட்டர் போகும். கிளைக்குழாய் 40 செ.மீ. நீளம் என்றால் அலை போய்த் திரும்ப ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டேகால் பங்கு போதும். அடுத்த முறை வால்வு திறக்கும்போது இந்த அலை சரியாக வாசலில் நின்றால் காற்று தானே உள்ளே தள்ளப்படும். குழாயின் நீளமும் வளைவும் விட்டமும் இப்படிக் கணக்குப் பார்த்து வைத்தவை. உள்சுவரில் கரி படிந்தால் குறைவது இடம் மட்டுமில்லை, இந்தக் கணக்கும் கெடுகிறது.

பழைய அம்பாசடரில் இவ்வளவு நுட்பம் இருந்ததில்லை. அதன் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைப்பு. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று நுழைய இரண்டே வாசல். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரு வாசலைப் பகிர்ந்துகொள்ளும். காற்று நுழைவதும் புகை வெளியேறுவதும் எஞ்சினின் ஒரே பக்கம். கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் துளிகள் குளிர்ந்த சுவரில் ஒட்டாமல் ஆவியாக வேண்டும் என்பதற்காக, எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்கின் அடிப்பகுதியில் படும்படி வைத்திருந்தார்கள். பெட்ரோல் ஈரம் சுவரைக் கழுவிக்கொண்டே இருந்ததால் அந்த மேனிஃபோல்டுகளில் கெட்டிக் கரி அதிகம் சேரவில்லை. பழுது பெரும்பாலும் கேஸ்கட்டில் வந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் காற்றுப்பாதை அடைத்துக்கொண்டால் முதலில் பழி விழுவது ஊர்ப் புழுதியின் மேல். அதற்குக் காரணமும் உண்டு. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் செம்மண். நார்த்தாமலை, கீரனூர் வட்டாரத்தில் கல் குவாரியும் கிரஷர் தூளும். கோடையில் ஒரு லோடு வண்டிக்குப் பின்னால் பத்து நிமிடம் போனால் பானெட் நிறமே மாறிவிடும். ஆனாலும் கழற்றிய மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டுத் தடவினால் ஒட்டிவருவது செம்மண்ணாக இருக்காது. கறுப்பாக, பிசுபிசுப்பாக, தார் போலிருக்கும். எஞ்சினே உண்டாக்கிய அழுக்கு அது. நல்ல காகித ஃபில்டர் புழுதியில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலேயே நிறுத்திவிடும். பழைய டிராக்டர்களில் இருக்கும் எண்ணெய்க் கிண்ண ஃபில்டர்கூட, காற்றை எண்ணெய்ப் பரப்பின் மேல் திருப்பி அடித்து மண்ணை அங்கேயே பிடித்துவைக்கும்.

புழுதி உள்ளே போனதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்சுவரில் வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும். துணியில் உலர்ந்த சிவப்புத் தூள் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹோஸ் கிழிந்திருக்கிறது. பஞ்சர் கடை ஏர் குழாயை நெருக்கிப் பிடித்து ஊதியதில் காகிதம் கிழிந்திருக்கவும் வாய்ப்புண்டு. இது மேனிஃபோல்டு அடைப்பைவிடப் பெரிய ஆபத்து. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகளின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. கத்தி இரும்பையே கீறக்கூடியது. அது மேனிஃபோல்டில் தங்குவதில்லை, நேரே போய் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைக்கும். துணியில் சிவப்பு தெரிந்த வண்டிக்கு மேனிஃபோல்டு சுத்தம் செய்வது இரண்டாவது வேலை.

கறுப்புப் பிசின் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, கிராங்க்கேஸில் உள்ள எண்ணெய்ப் பனியையும் சுமந்துகொண்டு மேலே வரும். அதை வெளியே விட்டால் மாசு என்பதால் ஒரு ஹோஸ் வழியாகத் திரும்பவும் இன்டேக்குக்குள்ளேயே அனுப்புகிறார்கள். இது எண்ணெய் வரும் வழி. கரி வரும் வழி ஈ.ஜி.ஆர். என்னும் அமைப்பு. எரிஅறையின் கடும் சூட்டில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டால் எரிதலின் உச்ச வெப்பம் குறையும், அந்த நச்சும் குறையும். புகையோடு கரித்தூளும் திரும்பி வந்து, எண்ணெய் ஈரத்தில் ஒட்டி, சூட்டில் காய்ந்து, மேல் மேல் அடுக்காகப் படிகிறது. மாசு விதி இறுக இறுக இந்த அமைப்பும் எல்லா டீசல் கார்களிலும் இடம்பிடித்தது. பி.எஸ்.4 நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதலும், பி.எஸ்.6 2020 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. ஈ.ஜி.ஆர். இல்லாத பழைய அம்பாசடர் டீசலின் மேனிஃபோல்டைக் கழற்றினால் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் இருக்கும்.

எண்களில் பார்த்தால் விஷயம் உறைக்கும். 40 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 5 மி.மீ. கரி படிந்தால் மிஞ்சுவது 30 மி.மீ. விட்டம். பார்வைக்குக் கால் பங்கு குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் குறுக்குப் பரப்பில் 44 விழுக்காடு போய்விட்டது. டீசல் உள்ளே வரும், அதை எரிக்கக் காற்று போதாது. லோடு ஏற்றி மேடு ஏறும்போது கறுப்புப் புகை தள்ளும், பிக்கப் வராது, மைலேஜ் இறங்கும். நான்கு கிளைகளும் ஒரே அளவில் அடைபடுவதும் இல்லை. திரும்பி வரும் புகை எந்தக் கிளைக்குப் பக்கத்தில் நுழைகிறதோ அந்தக் கிளை முதலில் குறுகும்; ஐடிலிங்கில் எஞ்சின் ஒரு மாதிரி குலுங்குவதற்கு இது ஒரு காரணம்.

எந்த வண்டிக்கு எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்பதை ஓடிய தூரம் மட்டும் சொல்லாது. ஈ.ஜி.ஆர். அதிகம் திறந்திருப்பது எஞ்சினுக்குப் பாரம் குறைவான நேரத்தில். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் அது மூடிக்கொள்ளும். விராலிமலை வழியாகத் திருச்சிக்கும் மதுரைக்கும் நான்குவழிச் சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும் காரின் உள்பாதை ஓரளவு உலர்ந்தே இருக்கும். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து, கல்யாண மண்டப வாசலில் ஏ.சி. போட்டுக் காத்து நிற்கும் கார் அதே கிலோமீட்டருக்குள் பல மடங்கு கரி சேர்த்துவிடும்.

ஈ.ஜி.ஆர். வாசலில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்ற யோசனை பட்டறைகளில் சகஜம். கரி குறையும் என்பது உண்மைதான். அதற்கு விலையாக நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அது வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கி நுரையீரலைத் தாக்கும். டீசல் வண்டிக்கான மாசுச் சான்றிதழ்ச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. சோதனையில் தேறியது என்பதால் வண்டி சுத்தம் என்று ஆகிவிடாது. மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலைதான். தகடு வைப்பது சோம்பலுக்குக் கண்ட குறுக்குவழி.

கழற்றும் வேலையை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சூட்டில் அலுமினிய மரை இளகியிருக்கும், ஸ்பேனர் போட்டால் போல்ட்டோடு சேர்ந்து மரையும் வரும். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கனெக்டரையும் ஹோஸையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துவைப்பது இன்றைய மெக்கானிக்குகளின் நல்ல வழக்கம். காமன் ரெயில் டீசலில் எரிபொருள் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் இருக்கும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பாரும் சொச்சமும்தான். எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கும்முன் அந்தக் குழாயில் கைவைக்கக் கூடாது. கழற்றியதும் திறந்த முனைகளை மூடிவைக்க வேண்டும். இன்ஜெக்டரின் நுண்துளைக்கு ஒரு மண்துகளே போதும்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் ஓடும் வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு சோதனை. இரும்பு ஸ்டட்டும் அலுமினிய வார்ப்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் சிறிய பேட்டரி போலாகி, அலுமினியம் அரிக்கும். மரையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் போல்ட் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்போது முழு பலத்தையும் காட்டினால் போல்ட் தலை முறிந்து கையில் வரும். துருநீக்கி எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, கால் சுற்று இளக்கி, திரும்ப உள்ளே முறுக்கி, மீண்டும் இளக்கி எடுப்பதுதான் முறை. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாக இளக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக விட்டுவிட்டால் மறுபக்கம் நெளியும்.

மேனிஃபோல்டு வெளியே வந்தவுடன் செய்ய வேண்டியது சுத்தம் செய்வதன்று, எஞ்சினின் திறந்த வாசல்களை அடைப்பது. அந்தத் துளைக்குள் ஒரு வாஷர் விழுந்தால் மேனிஃபோல்டு வேலை ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாறிவிடும். பட்டறையில் கைக்குக் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டைத் திணிப்பது வழக்கம். அதன் நூல் பிரிந்து உள்ளே தங்கும். பழைய வேட்டித் துணியை நான்கு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெளியே தொங்கும்படி செருகுவது நல்லது. எத்தனை துண்டு போனது என்பதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பவர்கள் உண்டு. நான்கு போனால் நான்கு வர வேண்டும்.

மேனிஃபோல்டில் உள்ள அழுத்த சென்சார், வெப்ப சென்சார், வால்வு மோட்டார் எல்லாவற்றையும் தனியே எடுத்த பிறகே கழுவல் தொடங்கும். கெட்டிக் கரியை மூங்கில் சிம்பால் சுரண்டுவது பாதுகாப்பு. ஸ்க்ரூ டிரைவர் அலுமினியத்தைக் கீறும். பிறகு டீசலிலோ மண்ணெண்ணெயிலோ சில மணி நேரம் ஊறப்போட்டு, நீள பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியது. புதுக்கோட்டையில் சித்திரை மதியம் நிழலிலேயே அந்தச் சூடு வந்துவிடும். வேறு ஊரில் ‘எளிதில் பற்றாது’ என்று எண்ணிப் பயன்படுத்தும் திரவம் இங்கே கோடையில் பெட்ரோலுக்குக் காட்டும் மரியாதையைக் கேட்கிறது. பெட்ரோலில் கழுவுவது எந்தக் காலத்திலும் கூடாது.

காஸ்டிக் சோடாத் தொட்டி சில எஞ்சின் பட்டறைகளில் உண்டு. வார்ப்பிரும்பு பிளாக்கை அதில் முக்கினால் கிரீஸும் கரியும் கழன்று பளிச்சென்று வரும். அலுமினிய மேனிஃபோல்டை அதே தொட்டியில் போட்டால் கரியோடு உலோகமும் கரையும். காஸ்டிக், அலுமினியத்தின் மேல் உள்ள காப்பு ஆக்சைடுப் படலத்தைத் தின்றுவிட்டு அடியிலுள்ள உலோகத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். நுரை பொங்குவதைப் பார்த்து ‘நல்லா வேலை செய்யுது’ என்று ஏமாந்தவர்கள் கேஸ்கட் முகம் குழி விழுந்த மேனிஃபோல்டைத்தான் வெளியே எடுத்தார்கள். கேஸ் விளக்கால் கரியை எரிப்பதும் இதே மாதிரிப் பிழை. கரி நன்றாகப் பற்றி எரிய 550 முதல் 600 டிகிரி வேண்டும். வார்ப்புக்குப் பயன்படும் அலுமினிய-சிலிக்கான் கலவையோ 577 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நைலான் மேனிஃபோல்டு அந்தச் சூட்டுக்குப் பாதி தூரம்கூடத் தாங்காது. அதற்கு வெந்நீர், சோப்பு, பொறுமை இவ்வளவுதான்.

கழுவிய பிறகு உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. வளைந்த கிளைக்குள் தேங்கிய தண்ணீர் ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் போனால், பிஸ்டன் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளையும். ஏர் அடித்து, வெயிலில் அரை நாள் கவிழ்த்து வைத்தால் இந்த ஊரில் வேறு உலர்த்தி தேவையில்லை. கடைசியாக மேனிஃபோல்டைக் கவிழ்த்து மரச்சுத்தியால் நாலு தட்டு தட்டினால், கழன்றும் விழாமல் ஒட்டியிருந்த கரிச்சில்லுகள் உதிரும். அவை உள்ளேயே இருந்தால் வால்வு இருக்கையில் மாட்டிக்கொண்டு கம்ப்ரஷனைக் குறைக்கும்.

திரும்பப் பூட்டுவதில்தான் வேலையின் தரம் தெரியும். எஞ்சின் ஹெட்டின் முகத்திலும் மேனிஃபோல்டின் முகத்திலும் ஒட்டியுள்ள பழைய கேஸ்கட்டை முழுவதும் எடுக்க வேண்டும். அம்பாசடர் காலத்து கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகச் சுரண்டுவதும் ஏர் அடிப்பதும் கூடாது. நனைத்துச் சுரண்ட வேண்டும். அடுத்து, நேரான இரும்புப் பட்டையை முகத்தின் மேல் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது. அது தலைமுடியைவிடச் சற்றே தடிமன். லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பிடிக்காமல், தடிமனாகப் பேஸ்ட் பூசி ஈடுகட்டலாம் என்பது நடக்காத காரியம். பிதுங்கி உள்பக்கம் தொங்கும் சிலிகான் பேஸ்ட் ஒரு நாள் பிய்ந்து காற்றோடு போகும். பெட்ரோல் வண்டியில் அது ஊறி உப்பிவிடும். கம்பெனி பேஸ்ட் கேட்காத இடத்தில் உலர்ந்த புது கேஸ்கட்டே போதும்.

மேனிஃபோல்டும் ஹெட்டும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 40 செ.மீ. நீள அலுமினிய மேனிஃபோல்டு 60 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் நீளும். அம்பாசடர் போல ஹெட் வார்ப்பிரும்பு என்றால் அது ஏறத்தாழ அதில் பாதிதான் நீளும். இந்த நகர்வுக்கு இடம் கொடுக்கத்தான் போல்ட் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது. எல்லா போல்ட்டையும் கையால் கடைசிவரை ஓட்டிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கு மாற்றி, மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். 8 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். 20 செ.மீ. கைப்பிடியின் முனையில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்ட விசைதான் அது. நீளக் குழாயைக் கைப்பிடியில் செருகி இறுக்கும் பழக்கம் லாரி வீல் நட்டுக்குச் சரி. இங்கே டார்க் ரெஞ்ச் வேண்டும். நைலான் மேனிஃபோல்டுக்கு அளவு இன்னும் குறைவு.

துணித் துண்டுகளை எண்ணி எடுத்தாயிற்றா என்ற கேள்வி, மேனிஃபோல்டை ஸ்டட்டில் ஏற்றும் நொடிக்கு முன் கேட்க வேண்டியது. பூட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கசிவைக் கண்டுபிடிக்கும் வழி எஞ்சினைப் பொறுத்து மாறும். பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கும். சிறு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். கணக்கில் வராத காற்றால் ஐடிலிங் ஏறி இறங்கும். டர்போ டீசலில் நேர்மாறு, அழுத்திய காற்று வெளியே பீறிடும். இரண்டுக்கும் பொருந்தும் கருவி பட்டறையிலேயே உண்டு: ஓரடி ரப்பர் ஹோஸ். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை கேஸ்கட் விளிம்பு நெடுகக் கொண்டுபோனால் சீறல் எங்கே என்று தெளிவாகக் கேட்கும். ஃபேன் பெல்ட்டிடமிருந்து கையை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். டீசலில் சோப்புநீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சூடான பெட்ரோல் எஞ்சின் மேல் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சோதிப்பது வேகமான வழி. தீப்பிடிக்கவும் அதுவே வேகமான வழி.

முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் புகை வருவது மிச்சமிருந்த டீசலாலும் மண்ணெண்ணெயாலும். நீடித்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். பேட்டரி கழற்றிய பெட்ரோல் கார்களில் கணினி பழைய அடைப்புக்கு ஏற்பப் பழகிய ஐடிலிங் அளவை மறந்திருக்கும்; சுத்தமான பாதைக்குப் பழகச் சில நிமிடமோ சில நாளோ பிடிக்கும். காகித கேஸ்கட் போட்ட பழைய எஞ்சின்களில் சில நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடேறி ஆறியதும் கேஸ்கட் அமுங்கி போல்ட் தளரும், அப்போது ஆறிய நிலையில் ஒரு முறை அதே அளவுக்கு இறுக்க வேண்டும். ரப்பர் வளையம் போட்ட புதிய மேனிஃபோல்டுகளுக்கு அந்த இரண்டாவது இறுக்கம் தேவையில்லை. கொடுத்தால் வளையம் நசுங்கும்.